மூங்கில் நார்த் துணி: மூங்கிலின் குணம் நூலில் எஞ்சுகிறதா?

தறிநிழல்:
குழந்தைக்கு வாங்கிய பனியனின் லேபிளில் "100 விழுக்காடு மூங்கில் நார், இயற்கையாகவே கிருமிகளை எதிர்க்கும்" என்று அச்சிட்டிருந்தார்கள். இரண்டு கூற்றுமே தவறு என்பது என் வாதம். பச்சை மூங்கில் பிளாச்சை முறித்தால் முனையில் சிலும்பி நிற்பவை தனி நார்கள் அல்ல. லிக்னின் என்ற பசை போன்ற பொருள் பிணைத்து வைத்திருக்கும் நார்க்கற்றைகள். தனி நாரின் நீளம் ஏறத்தாழ 2 முதல் 3 மில்லிமீட்டர்தான். நல்ல பருத்தி இழையோ 25 மில்லிமீட்டரைத் தாண்டும். அவ்வளவு குட்டையான நாரைத் தனியாக நூற்க முடியாது. ஆகவே ஆலைகள் மூங்கிலைக் கூழாக்கி, காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து, கார்பன் டைசல்பைடுடன் வினைபுரியச் செய்து, பாகு போன்ற அந்தக் கரைசலை நுண்துளைகள் வழியாகக் கந்தக அமிலத் தொட்டிக்குள் செலுத்தி இழையாக்குகின்றன. இது 1892இல் இங்கிலாந்தில் கிராஸ், பெவன், பீடில் ஆகியோர் காப்புரிமை பெற்ற விஸ்கோஸ் முறையேதான்.

வேலிமூங்கில்:
கரைத்து மீட்டாலும் அது பருத்தியைப் போலவே செல்லுலோஸ் என்ற தாவரப் பொருள்தானே? காற்றின் ஈரத்தைப் பருத்தி எடையில் சுமார் 8 விழுக்காடு ஏற்கும்போது இந்த இழை 11 முதல் 13 விழுக்காடு வரை ஏற்கிறது. வியர்க்கும் உடலுக்கு இது சிறிய நன்மையல்ல. மேலும் மூங்கில் புல்லினம். வெட்டிய பிறகும் மண்ணுக்கடியில் இருக்கும் மட்டத்தண்டிலிருந்து தானே முளைக்கும், மறுநடவு வேண்டியதில்லை.

தறிநிழல்:
நீங்கள் சொல்லும் மென்மையும் உறிஞ்சும் திறனும் விஸ்கோஸின் குணங்கள். மரக்கூழில் செய்தாலும் அவை கிடைக்கும். கரைசலில் செல்லுலோஸ் சங்கிலிகள் குறுகி, படிக அடுக்கும் மாறிவிடுகிறது. ஒரு விஸ்கோஸ் நூலை நடுவில் நனைத்து இழுத்துப் பாருங்கள்: நனைந்த இடத்திலேயே எளிதில் அறும். பருத்தி நூல் நனைந்தால் வலுப்படும். அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான பெடரல் டிரேட் கமிஷன் 2009 முதலே இத்தகைய லேபிள்கள்மீது நடவடிக்கை எடுத்துவருகிறது. 2022இல் வால்மார்ட், கோல்ஸ் என்ற இரு சில்லறை வணிக நிறுவனங்களும் சேர்ந்து 55 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டன. கார்பன் டைசல்பைடு தொழிலாளரின் நரம்புகளைப் பாதிக்கும் நச்சு என்பதை மறைத்து, அந்தத் துணியை "இயற்கை" என்று விற்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பிரிநூல்:
உண்மையான மூங்கில் நாரும் இருக்கிறது என்பதை இருவரும் விட்டுவிட்டீர்கள். தண்டை நசுக்கி, நொதிகளால் இளக்கி, சீவி எடுக்கும் கற்றைகளை லினன் போல நூற்கிறார்கள். நுண்ணோக்கியில் அதன் குறுக்குவெட்டு தனி அழகு: தடித்த சுவர், நடுவே ஊசித்துளை போன்ற குழி, சுவருக்குள் அகன்ற அடுக்கும் குறுகிய அடுக்கும் மாறி மாறி. அகன்ற அடுக்கில் செல்லுலோஸ் நுண்ணிழைகள் ஏறக்குறைய நாரின் நீளப்போக்கில் ஓடுகின்றன. குறுகியதில் கிட்டத்தட்டக் குறுக்காகச் சுற்றுகின்றன. காற்றில் வளைந்தும் முறியாத தண்டின் வலுவில் இந்த அமைப்புக்குப் பெரும் பங்கு உண்டு. விஸ்கோஸில் இதன் சுவடே இல்லை. ஆனால் இந்த நூல் சொரசொரப்பானது, விலையும் அதிகம். குழந்தையின் பனியனுக்கு ஏற்றதல்ல.

வேலிமூங்கில்:
லேபிளைப் பற்றி நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். மூங்கிலைக் கைவிடச் சொல்வதை ஏற்கமாட்டேன். கூழை வேறொரு கரைப்பானில் நேரடியாகக் கரைத்து இழையாக்கும் லையோசெல் முறையில் கார்பன் டைசல்பைடே இல்லை; கரைப்பானில் 99 விழுக்காட்டுக்கு மேல் மீட்டு மறுபடி பயன்படுத்த முடிகிறது. மூங்கில் கூழுக்கும் அதுவே சரியான வழி.

தறிநிழல்:
அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்தத் துணியிலும் "மூங்கிலிலிருந்து செய்த லையோசெல்" என்றே எழுத வேண்டும். கிருமி எதிர்ப்பு என்ற வரியை, அந்தத் துணியையே சோதித்துக் காட்டும் வரை, நீக்கிவிட வேண்டும்.