வல்னரபிலிட்டி: தமிழில் என்ன போடலாம்?

கோத்தகிரி ஆசிரியை, திங்கள் இரவு

அனைவருக்கும் வணக்கம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகப் பீகாரின் கோசி ஆற்றுப் படுகை பற்றிய பாடம் ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஹசார்டுக்கு இடர், டிசாஸ்டருக்குப் பேரிடர். அதுவரை சரி. இடர் வந்தால் யார் எளிதில் அடிபடுவார்கள் என்பதைக் குறிக்கும் வல்னரபிலிட்டியில் வந்து நின்றுவிட்டேன். 'பாதிக்கப்படும் தன்மை' என்று எழுதினேன், மனம் ஒப்பவில்லை.

காரணம் சொல்கிறேன். 1954 வாக்கில் பீகாரில் வெள்ளம் தடுக்கும் கரை 160 கிலோமீட்டர்தான் இருந்தது. இன்று 3,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. வெள்ளம் பாயக்கூடிய நிலமோ குறையவில்லை, 25 லட்சம் ஹெக்டேரிலிருந்து 68 லட்சத்துக்கு மேல் போய்விட்டது. இரண்டு கரைகளுக்கு நடுவிலேயே ஊர்கள் மாட்டிக்கொண்டன. வெளியே பெய்த மழைக்கு வடிய வழியில்லை. 2008 ஆகஸ்ட் 18 அன்று நேபாளத்தின் குசாகாவில் கரை உடைந்தது. ஆறு தன் பழைய தடத்தில் இறங்கி, வெள்ளத்தையே மறந்திருந்த ஊர்களுக்குள் புகுந்தது. இது அந்த மக்களின் 'தன்மை' என்று பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வேன்?

குன்னூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர், செவ்வாய் காலை

அம்மா, பாதிப்பு வடசொல் வழி வந்தது. நம்மிடம் 'ஊறு' இருக்கிறது. படு பாடாவது போல, பெறு பேறாவது போல, உறு ஊறாகும். முதனிலை திரிந்த தொழிற்பெயர். 'சுவைஒளி ஊறுஓசை நாற்றம்' என்ற குறளில் அது தொடு உணர்வு. 'ஊறொரால் உற்றபின் ஒல்காமை' என்ற 662ஆம் குறளில் அது இடையூறு. மெல்லத் தொடுவதும் வந்து தாக்குவதும் ஒரே வேரில் நிற்கும் அழகைப் பாருங்கள். ஆகவே 'ஊறுபடுமை' என்பேன். கூடவே ஒன்று: ரெசிலியன்ஸுக்கு 'ஒல்காமை' அந்தக் குறளிலேயே ஆயத்தமாக இருக்கிறது. இடரைத் தவிர்ப்பது, வந்தபின் தளராமல் இருப்பது என இரண்டையும் ஒன்றேமுக்கால் அடியில் வைத்திருக்கிறார் வள்ளுவர்.

'நொய்ம்மை'யும் பொருந்தும். நொய்யரிசியின் நொய்தான். நொய்யல் ஆற்றின் பெயரும் அதன் நொய்ந்த மணலால் வந்தது என்பது என் நெடுநாள் கணிப்பு. இதைத் தனி மடலில் விரித்து எழுதுகிறேன்.

கூடலூர், தொண்டுப் பணியாளர், செவ்வாய் மதியம்

ஐயா, ஊறு என்றதும் எங்கள் பிள்ளைகளுக்கு நினைவு வருவது மழையில் ஊறிய மண்தான். இந்தப் பாடத்திலேயே மண் ஊறுவதும் வருமே, குழம்பிவிடும்.

போன மழைக்காலத்தில் ஒரு எஸ்டேட் லயனுக்கு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, போயிருந்தேன். அடுப்படியின் பின்சுவரில் விரல் நுழையும் அளவு விரிசல். அந்த வீட்டுப் பாட்டி அதன் குறுக்கே காலண்டர் தாளைச் சோற்றுப்பசையால் ஒட்டியிருந்தார். காலையில் தாள் கிழிந்திருந்தால் சுவர் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். "இடம் தாங்காது சாமி, ஆனா எங்களுக்குக் குடுத்த இடம் இதுதான்" என்றார். 'தாங்காமை' என்றே வைத்தால் என்ன?

அப்புறம், அவர் பேரிடர் என்று சொல்வதில்லை. அனர்த்தம் என்கிறார். இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பம், எங்கள் வீட்டைப் போல. எங்கள் அப்பாவும் கடைசிவரை அனர்த்தம் என்றுதான் சொன்னார்.

கொடைக்கானல், கள ஆய்வாளர், புதன்

தாங்காமை நல்ல சொல். ஆனால் பாட்டி சொன்னதில் இரண்டு விஷயம் இருக்கிறது. தாங்காது என்பது ஒன்று. அந்த இடத்தில் கொண்டுவந்து வைத்தார்கள் என்பது இன்னொன்று, அதுதான் எக்ஸ்போஷர். 2007 அறிக்கை வரை ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐபிசிசி எக்ஸ்போஷரை வல்னரபிலிட்டிக்கு உள்ளேயே வைத்திருந்தது. 2014 அறிக்கையில் இரண்டையும் பிரித்துவிட்டார்கள். எனவே நமக்கு இரண்டு சொல் வேண்டும்.

2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நீலகிரியில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மழை இடர். சரிவின் அடியை வெட்டி ரோடு போட்டதும், நீரோடையை அடைத்து வீடு கட்டியதும் நாம் செய்தவை. தயவுசெய்து 'நிலச்சரிவு' என்று போடாதீர்கள், மலையில் எல்லோருக்கும் அது மண்சரிவுதான்.

கோத்தகிரி ஆசிரியை, வியாழன் இரவு

எல்லா மடலையும் வகுப்புக்கு எடுத்துப் போய் வாசித்தேன். 'பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும்' என்று சொன்னதும் முழு வகுப்புக்கும் புரிந்துவிட்டது. ஏன் அதே கால், ஏன் அதே குடி என்று கேட்டுப் பாடத்தைத் தொடங்கினேன்.

'தன்மை'யை எடுத்துவிட்டேன். தன்மை கூடப் பிறந்தது, நிலை வந்து சேர்ந்தது, மாற்றவும் முடியும். 'பாதிப்புக்கு ஆளாகும் நிலை' என்று அனுப்புகிறேன். எக்ஸ்போஷருக்கு 'இடர்முன் இருப்பு'. கூடலூரும் கொடைக்கானலும் இசைந்துவிட்டார்கள். ஐயா, பொறுத்துக்கொள்ளுங்கள்.

குன்னூர், வெள்ளி காலை

நிலை என்பதை முழு மனதுடன் ஏற்கிறேன், அம்மா. பாதிப்பை ஏற்கவில்லை. அதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. 'ஆளாகும்' தன்வினை. கரை கட்டியவர் ஒருவர், மூழ்கியவர் வேறொருவர். அங்கே பிறவினை அல்லவா வர வேண்டும்? 'ஊறுக்கு ஆளாக்கிய நிலை' என்று மாற்ற இன்னும் நேரம் இருக்கிறதா?

கொடைக்கானல், வெள்ளி மதியம்

பிறவினைக்கு என் வாக்கும் உண்டு. ஊறுக்கு இல்லை.

கோத்தகிரி ஆசிரியை, வெள்ளி மாலை

அச்சகத்தில் கேட்டேன். பாடப் பக்கம் ஏறிவிட்டதாம். வரைபடக் குறிப்பு மட்டும் பாக்கி இருக்கிறது, ஆனால் அந்தக் கட்டத்தில் ஒரே ஒரு சொல்தான் அடங்கும். இரவு எட்டு மணிக்குள் யாராவது சொல்லுங்கள்.