புது வீடு: ஒப்பந்த விலைக்கு மேல் எவ்வளவு ஒதுக்க வேண்டும்?

செங்கல்மணி (கேள்வி)

பில்டர் கட்டிக்கொண்டிருக்கும் தனி வீடு ஒன்றை வாங்கப் போகிறோம். 80 சதவீதம் வங்கிக் கடன், மீதி கையிருப்பு. பதிவுச் செலவும் வக்கீல் கட்டணமும் கணக்கில் சேர்ந்துவிட்டன. இதற்கு மேல் விலையில் 5 சதவீதம் வைத்தால் போதும் என்கிறார் ஒருவர். 15 இல்லாமல் இறங்காதீர்கள் என்கிறார் இன்னொருவர். எது சரி? மாதிரி வீட்டில் பார்த்த தரை, சமையலறை மேடை இரண்டையும் அதேபோல் கேட்டு வாங்கும் யோசனையும் இருக்கிறது.

கணக்குப்பிள்ளை

சதவீதத்தை விடுங்கள். ஒரே விலை சொல்லும் இரண்டு வீடுகளில் ஒன்றுக்கு விளக்கு, கொசுவலை, சுற்றுச்சுவர் எல்லாம் சேர்ந்து வரும். இன்னொன்றில் கூரையிலிருந்து ஒயர் மட்டும் தொங்கும். இரண்டுக்கும் ஒரே சதவீதம் எப்படிப் பொருந்தும்?

ஒப்பந்தத்தோடு வரும் ஸ்பெசிஃபிகேஷன் தாளைக் கையில் வைத்துக்கொண்டு மாதிரி வீட்டில் அறை அறையாக நடங்கள். கண்ணில் படும் ஒவ்வொன்றும் தாளில் இருக்கிறதா என்று பாருங்கள். தாளில் எழுதாதது வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியல்தான் உங்கள் பட்ஜெட்டின் முதல் பாதி.

அடுத்து, "டைல்ஸுக்கு இவ்வளவு வரை, குழாய்களுக்கு இவ்வளவு வரை" என்று தாளில் உத்தேசத் தொகை போட்டிருப்பார்கள். அதைத் தாண்டிய பொருளைத் தேர்ந்தெடுத்தால் விலை வித்தியாசம் மட்டும் போகாது. அதன் மேல் பில்டரின் லாபம், சில சமயம் கூடுதல் கூலி, வரி எல்லாம் ஏறும். வேலை தொடங்கும் முன்பே மொத்தத் தொகையை எழுத்தில் வாங்குங்கள்.

பலரும் கவனிக்காத இடம் வங்கி மதிப்பீடு. நீங்கள் செலவழிக்கும் தொகையை வைத்து அல்ல, வங்கியின் மதிப்பீட்டாளர் வீட்டுக்கு எழுதும் மதிப்பை வைத்துத்தான் கடன் வரும். வீட்டு விலை 100, மாற்றங்களுக்கு 8, ஆக 108 என்று வையுங்கள். 80 சதவீதக் கடன் 86.4 வரும், கையிலிருந்து 21.6 போட்டால் போதும் என்று நினைப்பீர்கள். மதிப்பீட்டாளர் உங்கள் உயர்ரக மேடைக்கு முழு மதிப்பும் கொடுக்க மாட்டார். 102 என்று எழுதிவிட்டால் கடன் 81.6தான். கையிலிருந்து போவது 26.4. இந்த 4.8 இடைவெளி தெரியவரும்போது மாற்ற வேலைகளுக்கு முன்பணமும் கொடுத்திருப்பீர்கள், பெரும்பாலும் அது திரும்பாது.

வாட்டம்பார்

மாற்றங்களைப் பற்றி: சுவருக்குள்ளும் தரைக்கடியிலும் போவதை பில்டரிடம் செய்யுங்கள், வெளியே தெரிவதைப் பிறகு செய்துகொள்ளலாம். கூடுதல் பிளக் பாயிண்ட், அதிக மின்சாரம் இழுக்கும் கருவிகளுக்குத் தனி சர்க்யூட், ஏசி தண்ணீர் வெளியேறும் குழாய், பின்னாளில் இணைய ஒயர் இழுக்கக் காலி பைப், இவையெல்லாம் பூச்சுக்கு முன் மலிவு. பூசிய பிறகு கொத்தி, ஒயர் போட்டு, மறுபடி பூசி, பட்டி பார்த்து, அந்தச் சுவர் முழுக்கப் பெயிண்ட் அடிக்க வேண்டும். விளக்கு, கைப்பிடி, அலமாரி எல்லாம் பிறகுதான்; பில்டர் கொடுக்கும் தேர்வும் குறைவு, விலையும் கூடுதல். தரைக்கு ஆசைப்பட்டால் பில்டர் வழியே செய்வது நல்லது, கதவின் அடி உயரமும் குளியலறை வாசலின் மட்டமும் அதைப் பொறுத்தே அமையும். வேலை முடிந்ததும் அதே பேட்ச் டைல்ஸ் ஒன்றிரண்டு பெட்டி கேட்டு வாங்கி வையுங்கள். பிறகு தேடினால் நிறம் ஒத்துவராது.

புது வீட்டுக்கே உரிய இன்னொரு செலவு, ஈரம். கான்கிரீட் தளம் 25 மில்லிமீட்டர் தடிமனுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் என்ற கணக்கில் மெதுவாகத்தான் காயும். அதற்கு முன் மரத்தளம் போட்டால் உப்பி எழும்பும். தளம் போடுபவர் ஈரமானி வைத்துப் பார்க்காமல் வேலையைத் தொடங்கினால் நிறுத்துங்கள். பூச்சில் மயிரிழை விரிசல் வருவதும் இயல்பே. எல்லாப் பருவமும் ஒரு சுற்று வந்த பிறகு விரிசல் அடைத்து ஒரு கோட் அடிக்க இப்போதே தொகை வையுங்கள். உயர்ரகப் பெயிண்டையும் வால்பேப்பரையும் அதுவரை தள்ளிப்போடலாம். கோணலாக ஓடும் விரிசல், நாணய விளிம்பு நுழையும் அளவு அகலமானது, அகலம் கூடிக்கொண்டே போவது என்றால் அது பெயிண்டர் வேலையில்லை, பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

வெளியே: அஸ்திவாரத்தைச் சுற்றி நிரப்பிய மண் முதல் ஓரிரு வருடம் இறங்கும். வீட்டிலிருந்து முதல் 3 மீட்டருக்குள் 15 சென்டிமீட்டராவது வெளிப்பக்கம் வாட்டம் (சரிவு) இருக்க வேண்டும். மண் இறங்கினால் வாட்டம் திரும்பி, தண்ணீர் சுவரோரம் நிற்கும். குடியேறிய உடனே கல் பதித்தவர்கள் மறுபடி பெயர்த்துப் பதிக்கிறார்கள். முதல் வருடம் ஜல்லிப் பாதையே போதும். கூடுதல் மண்ணுக்கும் வண்டிக்கும் தனியாக ஒதுக்குங்கள்.

செங்கல்மணி

நன்றி. மதிப்பீட்டு விஷயம் உண்மையிலேயே தெரியாது. திரைச்சீலை மாதிரி சின்னச் சின்னதையும் பட்டியலில் தனியாகப் போட வேண்டுமா? அதெல்லாம் பெரிய தொகையா?

ஊசிநூல்

திரைச்சீலை சின்னது என்று யார் சொன்னது! ஒரு ஜன்னலைக் கணக்கிடுங்கள். ஜன்னல் அகலம் 1.5 மீட்டர், பக்கத்துக்கு 15 சென்டிமீட்டர் நீட்டி கம்பி 1.8 மீட்டர். மடிப்பு விழ இரட்டிப்பு அகலம் வேண்டும், ஆக 3.6. துணியின் அகலம் 1.4 மீட்டர் என்றால் மூன்று துண்டு. உயரம் 2.3, மேலும் கீழும் மடித்துத் தைக்க 0.25. மூன்று துண்டுக்கு 7.65 மீட்டர். பெரிய பூ டிசைன் என்றால் ஒட்டு சேர்க்க இன்னும் கூடும். இதே அளவில் எட்டு ஜன்னல் இருந்தால் 61 மீட்டருக்கு மேல்; உள்துணி வைத்தால் அதுவும் அதே அளவு. கம்பி, தையல், மாட்டும் கூலி தனி. படுக்கையறைக்கும் தெருவைப் பார்த்த ஜன்னலுக்கும் முதலில் போடுங்கள், மற்றதை ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம்.

கணக்குப்பிள்ளை

பட்டியலோடு தேதியும் எழுதுங்கள். மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் இணைப்புக் கட்டணங்கள், மீட்டர் வைப்புத்தொகை, பராமரிப்பு முன்பணம், வீட்டுக் காப்பீடு, சாமான் ஏற்றும் வண்டி, கடைசித் தவணை எல்லாம் சாவி கைக்கு வரும் சில வாரங்களில் ஒன்றாக வந்து நிற்கும். வங்கிக் கடன் பெரும்பாலும் இவற்றுக்கு வராது, ரொக்கமாகவே வேண்டும். இணைப்புக் கட்டணம் யார் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் தெளிவாக இல்லையென்றால் கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள்.

தாமதத்துக்கும் பட்டியலில் ஒரு தொகை எழுதுங்கள். மேலே சொன்ன 100 விலை வீட்டில் கடன் 80, அதில் 72 ஏற்கெனவே பில்டருக்குப் போயிருக்கிறது, வட்டி ஆண்டுக்கு 8 சதவீதம் என்றால் மாதம் 0.48. நான்கு மாதம் தள்ளிப்போனால் 1.92, அதோடு இப்போதைய வீட்டு வாடகையும்.

கடைசித் தவணைக்கு முன் பில்டருக்குச் சம்பந்தமில்லாத ஒருவரை வைத்து வீட்டைப் பரிசோதியுங்கள். குளியலறையில் வடிகாலை அடைத்து, தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விட்டு, கீழ்த்தளக் கூரையில் ஓதம் தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். குறைகளை எழுதி, எந்தத் தேதிக்குள் சரிசெய்வார்கள் என்று கையெழுத்து வாங்குங்கள். ஒப்பந்தம் அனுமதித்தால் அதுவரை ஒரு பகுதித் தொகையை நிறுத்தி வையுங்கள்.

விலைப்புள்ளி கையில் உள்ளதை அப்படியே போடுங்கள், வாய்வார்த்தையாக வந்ததுக்கு மட்டும் 20 சதவீதம் கூட்டுங்கள். வரும் மொத்தம் 5ஆ 15ஆ என்பது அப்போது தெரிந்துவிடும். கையிருப்பு போதவில்லை என்றால் முதலில் வெட்ட வேண்டியது அந்தச் சமையலறை மேடையை.