மரபணுப் பகுப்பாய்வாளருக்கும் குற்ற விசாரணையாளருக்கும் எவ்வகைப் பயிற்சி தேவை?

கேள்வி – உப்புவெளி வாசகி

வணக்கம். நான் உயிரியலில் இளமாணிப் பட்டம் முடித்துவிட்டுத் திருகோணமலையில் இருக்கின்றேன். தம்பி உப பொலிஸ் பரிசோதகராகத் தெரிவாகிப் பயிற்சிக்குச் செல்லக் காத்திருக்கின்றான். ஆழிப்பேரலைக்குப் பின் கல்முனை வைத்தியசாலையில் 81ஆம் இலக்கத்தால் அறியப்பட்ட குழந்தையின் பெற்றோர் யார் என்பதை 2005இல் மரபணுப் பரிசோதனை உறுதிசெய்த கதையை அம்மா சொல்லிக் கேட்டதிலிருந்தே எனக்கு இத்துறையில் நாட்டம். மூலக்கூற்று உயிரியலில் முதுமாணிப் பட்டம் பெற்றால் குற்றவியல் மரபணுப் பகுப்பாய்வாளராக முடியுமா? குற்றத்தைத் துலக்குவது ஆய்வுகூடம்தான் என்று நான் சொன்னால், அங்கே எதை அனுப்புவதென்று தீர்மானிப்பவர் விசாரணை அதிகாரிதானே என்கின்றான் தம்பி. எங்கள் இருவருக்கும் எவ்வகைப் பயிற்சி தேவை என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்குவீர்களா?

பதில் – முன்னாள் ஆய்வுகூட உத்தியோகத்தர்

தங்கைக்கு வணக்கம். பட்டம் வாசல் மட்டுமே. கல்முனைக் குழந்தையின் பரிசோதனையில் எந்த மாதிரி யாருடையது என்பது முன்கூட்டியே தெரியும்; மாதிரிகளும் புதியவை. குற்றம் நடந்த இடத்திலிருந்து வரும் கறையிலோ எத்தனை பேருடைய உயிரணுக்கள் கலந்திருக்கின்றன என்பதே தெரியாது. ஒவ்வொரு மரபணு அமைவிடத்திலும் ஒருவருக்கு அதிகபட்சம் இரண்டு வடிவங்களே இருப்பதால், ஒவ்வொரு வடிவத்தையும் ஓர் உச்சியாகக் காட்டும் வரைபடத்தில் மூன்றாவது உச்சி தென்பட்டால் கலப்பு என்று ஐயுறுகின்றோம். ஆனால் பிரதியெடுக்கும்போது நொதி சறுக்குவதாலும், உண்மையான உச்சிக்கு ஒரு மடக்கு (அங்கே திரும்பத் திரும்ப வரும் மரபணுத் துண்டு ஒன்றின் நீளம்) முன்னால் சிறிய பொய் உச்சி ஒன்று தோன்றுவதுண்டு. அதையும் இரண்டாம் ஆளின் தடயத்தையும் பிரித்தறியும் கண், விடை தெரிந்த பயிற்சி மாதிரிகளை மாதக்கணக்கில் வாசித்த பின்னரே வாய்க்கும். விடையை அறியாமல் நீங்கள் பரிசோதித்து, பயிற்றுநர் பின்னர் ஒப்பிட்டுப் பார்க்கும் தேர்வுகளில் தேறாதவரிடம் உண்மையான வழக்கு மாதிரியைக் கொடுக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மாசு குறித்து ஒன்று சொல்ல வேண்டும். மரபணுவை ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாக்கும் பிசிஆர் முறையில் 28 சுற்றுகள் ஓடினால், கோட்பாட்டளவில் ஒரு மூலக்கூறு ஏறத்தாழ 27 கோடி பிரதிகளாகும். உங்கள் தும்மலும் அவ்வாறே பெருகும். ஜெர்மனியில் பல ஆண்டுகளாகப் பல குற்ற இடங்களில் ஒரே பெண்ணின் மரபணு கிடைத்தது. ஹைல்பிரான் நகரில் பொலிஸ் அதிகாரி ஒருவர் கொல்லப்பட்ட இடமும் அவற்றில் ஒன்று. மாதிரி எடுக்கும் பஞ்சுக்குச்சிகளைப் பொதிசெய்த தொழிற்சாலைப் பெண் ஒருவரின் மரபணுவே அது என்பது 2009இல் தெரியவந்தது. கிருமிநீக்கம் செய்த குச்சி, மரபணு அற்ற குச்சி ஆகிவிடாது. அதனால்தான் ஆய்வுகூடப் பணியாளர்களின் மரபணு விவரங்களையும் ஒப்பீட்டுக்காகப் பதிந்து வைக்கின்றார்கள்.

பதில் – ஓய்வுபெற்ற பரிசோதகர், மூதூர்

தம்பியின் பக்கம் நான் பேசுகின்றேன், ஆனால் முழுமையாக அல்ல. இங்கிலாந்தில் இரு சிறுமிகளைக் கொன்ற கொலின் பிட்ச்போர்க்கின் வழக்கைப் பாருங்கள். மரபியலாளர் அலெக் ஜெப்ரிஸ் 1984இல் கண்டறிந்த மரபணு ஒப்பீட்டு முறை, குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்த ஓர் இளைஞர் நிரபராதி என்பதை முதலில் காட்டியது. பின்னர் ஆயிரக்கணக்கான ஆண்களின் மாதிரிகள் பெறப்பட்டபோது, பிட்ச்போர்க் தனக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பித் தப்பினார். மதுபானசாலையில் நடந்த பேச்சைக் கேட்ட ஒரு பெண் பொலிஸாருக்கு அறிவித்த பின்னரே அவர் அகப்பட்டார். மாதிரி தருபவர் யார் என்பதை உறுதிசெய்யாவிட்டால் ஆய்வுகூடம் என்ன செய்யும்?

நம் மாவட்டத்தில் தம்பி முதலில் கற்க வேண்டியது ஈரத்தை. மார்கழி மழையில் நனைந்த சாரம் ஒன்றைப் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி, பத்து நாட்கள் அலுமாரியில் வைத்திருந்ததை என் சேவைக்காலத்தில் ஒரு நிலையத்தில் கண்டேன். பையைத் திறந்தபோது பூஞ்சணமே மிஞ்சியிருந்தது. வெப்பமும் ஈரமும் நுண்ணுயிர்களை வளர்க்கும், அவை மரபணுவைச் சிதைக்கும். நிழலில், வெயிலோ சூடான காற்றோ படாமல் உலர்த்திக் கடதாசிப் பையில் இட்டு முத்திரையிடுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் கையுறையை மாற்றுங்கள். கறைக்கு அருகில் கறை படியாத இடத்திலிருந்தும் ஒரு மாதிரி எடுங்கள். யார், எப்போது, யாரிடம் கையளித்தார் என்ற பதிவில் ஒரு கையொப்பம் விடுபட்டாலும், பத்தரமுல்லையில் உள்ள அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களத்தின் அறிக்கை எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாகும்.

பதில் – சட்டத்தரணி, திருகோணமலை

இருவரும் விட்டுவிட்ட ஒன்று, சாட்சிக்கூண்டு. சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 45ஆம் பிரிவின்கீழ் நிபுணர் தருவது கருத்தே. தீர்ப்பை வழங்குபவர் நீதிபதி. தொடர்பில்லாத ஒருவரிடம் இந்த விவரம் தற்செயலாகப் பொருந்தும் வாய்ப்பு பத்து இலட்சத்தில் ஒன்று என்பதை, எதிரி (குற்றஞ்சாட்டப்பட்டவர்) நிரபராதியாக இருக்கும் வாய்ப்பு பத்து இலட்சத்தில் ஒன்று என்று மாற்றிச் சொல்லிவிடுகின்றவர்கள் உண்டு. இவை இரண்டும் வெவ்வேறு கூற்றுகள். பொருத்தம், கறை யாருடையது என்பதைக் குறித்தது. அது எப்படி அங்கே வந்தது என்பதை அது சொல்லாது. பயிற்சியின்போதே போலி நீதிமன்றத்தில், எதிர்த்தரப்புச் சட்டத்தரணியின் குறுக்கு விசாரணைக்கு அக்காவும் தம்பியும் ஒரே நாளில் முகங்கொடுத்துப் பழக வேண்டும்.

மறுமொழி – உப்புவெளி வாசகி

மூவருக்கும் நன்றி. தம்பி பக்கத்திலிருந்து கேட்கின்றான்: உலர்த்துவதற்குத் தனியறை இல்லாத சிறிய நிலையத்தில், பாதிக்கப்பட்டவரின் உடையும் சந்தேகநபரின் உடையும் ஒரே நாளில் வந்தால் என்ன செய்வது?

பதில் – ஓய்வுபெற்ற பரிசோதகர், மூதூர்

நல்ல கேள்வி, தம்பி. இரண்டையும் ஒருபோதும் ஒரே அறையில் விரிக்காதீர்கள். ஒன்றை நிலையத்தில் பூட்டிய அறையில் தடித்த கடதாசியின்மேல் விரித்துக் காவலிட்டு, மற்றதை வேறோர் அதிகாரி, வேறு வாகனத்தில் பக்கத்து நிலையத்துக்கு எடுத்துச் சென்று அவ்வாறே உலர்த்தட்டும். அடியில் விரித்த கடதாசியையும் எறிந்துவிடாமல் உடையுடன் சேர்த்து அனுப்புங்கள். உதிர்ந்தவை அதில்தான் இருக்கும்.