"மைனே ரொட்டீ காயீ": சாப்பிட்டது ஆம்பிள, வினை ஏன் பெண்பால்?

வாவிக்கரை, மட்டக்களப்பு:
இந்தி எழுத்துக் கூட்டி வாசிக்கிற அளவுக்கு வந்தாச்சு, குழப்பமும் அதோட சேர்ந்து வந்திட்டு. புத்தகத்தில "ல-ட-கா" எண்டு மூண்டு எழுத்து இருக்கு, வாசிக்கேக்க "லட்கா" எண்டுறாங்க. புள்ளி எங்க போன? க ஒண்டுக்கே நாலு எழுத்து, காதுக்கு நாலும் ஒண்டாத்தான் கேக்குது. "மைனே ரொட்டீ காயீ" (நான் ரொட்டி சாப்பிட்டன்) எண்டு ஆம்பிள சொன்னாலும் "காயீ"தானாம், "காயா" இல்லயாம். கடைசியா, காத்தான்குடியில ஒரு நானா இந்தியும் உருதும் ஒரே மொழி, எழுத்துத்தான் வேற எண்டார். வகுப்பில இந்தி இந்தியாட தேசிய மொழி, உருது வேற மொழி எண்டு சொல்லித்தந்தாங்க. எது சரி? தெரிஞ்ச ஆக்கள் விளங்கப்படுத்துங்க.

படுவான்கரை:
புள்ளியும் பாலும் நான் சொல்றன், மற்றதை மற்றவங்க சொல்லட்டும்.

தமிழில அகரத்தை எடுத்தா கட்டாயம் புள்ளி வைப்பம். இந்தி எழுதுற நாகரி எழுத்திலயும் அதுக்கு ஒரு அடிக்கோடு இருக்கு, ஆனா இந்தியில அன்றாடச் சொற்களுக்கு அதைப் போடுறதில்ல. வாசிக்கிறவர்தான் அகரத்தை விழுத்தணும். சொல்லின் கடைசி அகரம் பெரும்பாலும் விழும்: "ராம" எண்டு எழுதி "ராம்", "கமல" எண்டு எழுதி "கமல்". நடுவில, அகரம் ஏறின மெய்க்கு முன்னும் பின்னும் உயிர் இருந்தா, பெரும்பாலும் அதுவும் விழும். ல-ட-கா "லட்கா" ஆனது அதாலதான். "ந-ம-க"வில கடைசி அகரம் மட்டும் விழுந்து "நமக்" (உப்பு) ஆகும், ம-வின் அகரம் அப்படியே நிக்கும், ஏனெண்டா அதுக்குப் பிறகு உயிர் இல்ல. கடைசியில இருந்து முன்னுக்குப் போய்ப் பாத்தா பிழை குறையும். இகரக் குறி எழுத்துக்கு முன்னால வாறதைப் பற்றிக் கவலைப்படாதீங்க, நம்மட "கெ"யில கொம்பு முன்னால நிக்கிற மாதிரித்தான்.

இனி "காயீ". செயப்படுபொருள் எடுக்கிற வினை முடிஞ்ச செயலைச் சொன்னா, செய்தவருக்குப் பின்னால "னே" ஒட்டும். ஒட்டினதும் வினை அவரை விட்டிட்டு, செயப்படுபொருளோட பாலைப் பிடிக்கும். ரொட்டீ பெண்பால், அதால "காயீ". ஆம் (மாம்பழம்) ஆண்பால், அதால பொம்பிளப் பிள்ள சொன்னாலும் "லட்கீனே ஆம் காயா". காரணம் வரலாற்றில இருக்கு. பழைய சமஸ்கிருதத்தில "என்னால் ரொட்டி உண்ணப்பட்டது" எண்ட மாதிரி ஒரு அமைப்பு இருந்தது. அந்த "உண்ணப்பட்ட" எண்ட எச்சம்தான் இந்தியில இறந்தகால வினையா நிக்குது. "உண்ணப்பட்டது" ரொட்டியோடதானே பொருந்தணும்.

பிழை விடுற இடம் மூண்டு. நிகழ்காலம், எதிர்காலத்தில "னே" வராது: "மை ரொட்டீ காதா ஹூ". போறது, வாறது போல செயப்படுபொருள் இல்லாத வினைக்கும் வராது: "மை கயா". கொண்டுவாற "லானா", மறக்கிற "பூல்னா", கதைக்கிற "போல்னா" மூண்டும் விதிவிலக்கு, அதுகளுக்கும் "னே" இல்ல. செயப்படுபொருளில "கோ" ஒட்டியிருந்தா வினை ஆரையும் பாக்காது, ஆண்பால் ஒருமையில நிண்டிரும்: "உஸ்னே லட்கீகோ தேகா" (அவன் பொம்பிளப் பிள்ளையப் பாத்தான்).

பால் கண்டுபிடிக்க "ஆ"வில முடிஞ்சா ஆண்பால், "ஈ"யில முடிஞ்சா பெண்பால் எண்டு சொல்லித்தருவாங்க. பாதி வழி வரும். பானீ (தண்ணி), கீ (நெய்), தஹீ (தயிர்), மோதீ (முத்து) எல்லாம் ஈ-யில முடிஞ்சும் ஆண்பால். ஹவா (காற்று), தவா (மருந்து), பாஷா (மொழி) பெண்பால். சொல்லைத் தனியா மனனம் பண்ணாதீங்க. "டண்டா பானீ", "டண்டீ ஹவா" எண்டு உரிச்சொல்லோட சேர்த்துப் படிச்சா பாலும் கூடவே வரும்.

சம்மாந்துறையான்:
நாலு "க"வையும் எண் போட்டு எழுதுறன்: க, க², க³, க⁴. முதலாவது நம்மட சொல் முதல் க. மூண்டாவதும் நமக்குத் தெரியும், "பங்கு", "தங்கம்" சொல்லேக்க ங-க்குப் பிறகு வாறது. ஆனா நாம அதைச் சொல்லுக்கு முதல் வைக்கிறதில்ல. அதால "கா³னா" (பாட்டு) எண்டு சொல்லப் போய் "கானா" எண்டு வரும், அது ஒற்றைக்கண்ணன். "தங்" எண்டு மனசுக்க சொல்லி, மிச்சத்தை மட்டும் வாயால சொல்லிப் பழகுங்க.

இரண்டாவதும் நாலாவதும் மூச்சு. மெல்லிய கடதாசித் துண்டை வாய்க்கு நாலு விரல் தூரத்தில தொங்கவிடுங்க. "க" சொன்னா அசையப்படாது, "க²" சொன்னா ஆடணும். "கா²னா" எண்டா சாப்பாடு. நாலாவது க³-உம் ஹ-வும் ஒரே மூச்சில: "கூ⁴ம்னா" (சுற்றுறது). ச, ட, த, ப வரிசைக்கும் இதே கதைதான். "பல்" கணம், "ப²ல்" பழம், "ப³ல்" பலம். மேலே படுவான்கரை எழுதின "காயீ"யும் உண்மையில "கா²யீ".

நம்ம ஆக்கள் விடுற தனிப் பிழை ஒண்டு இருக்கு. குர்ஆன் ஓதப் பழகினவங்களுக்கு அரபு "ஹா", "கா" தொண்டை ஒலி வாயில ஊறியிருக்கும். க²-வைக் கண்டதும் அந்த உரசல் ஒலியைப் போடுவாங்க. அது வேற. க²-வில நா அண்ணத்தை முழுசா அடைச்சு, விடேக்க மூச்சு வரணும், உரசக் கூடாது. உரசல் ஒலிக்கு இந்தியில அதே எழுத்துக்குக் கீழ ஒரு பொட்டு வைப்பாங்க. ஃப, ஸ-வின் அதிர்வொலி எல்லாத்துக்கும் இப்படிப் பொட்டு இருக்கு. அந்தப் பொட்டெழுத்து நமக்குச் சுகம், பொட்டில்லாததுதான் பாடு.

சொல்லில நமக்கு லாபம் உண்டு. கிதாப், வக்த், துனியா, மௌத், நிய்யத் எல்லாம் ஊரில பாவிக்கிறதுதான், இந்தியிலயும் அப்படியே. தமிழ் ஆக்களுக்கும் வசூல், பாக்கி, தயார் தெரியும். அலுமாரி போர்த்துக்கேயச் சொல், இந்தியில "அல்மாரீ". கச்சேரிக்கு (அரச அலுவலகத்துக்கு) போறம் எண்டு கோட்டைக்குள்ள போனமே, அந்தக் கச்சேரியும் "கசஹரீ"தான்.

உகந்தை:
நானாவும் சரி, வகுப்பும் பாதி சரி. இலக்கணம், அடிப்படை வினைகள், எண்கள் எல்லாம் இரண்டுக்கும் பொது. இரண்டும் தில்லி, மீரட் பக்கத்துக் கடீ போலி என்ற பேச்சுவழக்கில் நிற்கின்றன. உயர்நடைக்குப் போகும்போதுதான் பிரிகின்றன: உருது அரபு, பாரசீகத்தில் சொல் எடுக்கும், இந்தி சமஸ்கிருதத்தில் எடுக்கும். கேள்வி "சவால்" அல்லது "பிரஷ்ன்", பதில் "ஜவாப்" அல்லது "உத்தர்". பேச்சில் இரண்டும் கலந்தே ஓடும். எழுத்தாளர் பிரேம்சந்த் முதலில் உருதுவில் எழுதி, பிறகு இந்திக்கு வந்தவர். "இந்தி" என்ற பெயரே பாரசீகச் சொல் என்பது ஒரு வேடிக்கை. இரண்டு தனி இலக்கிய மொழிகளாக இறுகியது பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில். கல்கத்தாவில் 1800இல் தொடங்கிய வில்லியம் கோட்டைக் கல்லூரியின் உரைநடைப் புத்தகங்களும், எந்த எழுத்தில் நீதிமன்ற மனு எழுதுவது என்ற சண்டையும் அதில் பெரும் பங்கு.

"தேசிய மொழி" பிழை. இந்திய அரசியலமைப்பில் தேசிய மொழி என்று எதுவும் இல்லை. 343ஆவது உறுப்புரை நாகரியில் எழுதும் இந்தியை ஒன்றிய அரசின் அலுவல் மொழி என்கிறது. நம் பேச்சில் சொன்னால் அரசகரும மொழி. அந்த முடிவு 1949 செப்டெம்பர் 14இல் எடுத்தது. ஆங்கிலத்துக்கு 15 வருடம் மட்டும் தவணை தந்திருந்தார்கள், 1965 ஜனவரி 26இல் அது முடியவேண்டும். 1963இன் சட்டம் ஆங்கிலம் தொடரலாம் என்றது, தமிழ்நாட்டில் 1965இல் நடந்த போராட்டத்துக்குப் பிறகு 1967இல் அதைத் திருத்தி இன்னும் உறுதியாக்கினார்கள்.

எத்தனை பேர் பேசுகிறார்கள் என்பதிலும் கவனம் வேண்டும். 2011 கணக்கெடுப்பில் இந்தி 52.83 கோடி, 43.63 சதவீதம். அதற்குள் போஜ்புரி (ஏறக்குறைய 5 கோடி), ராஜஸ்தானி, சத்தீஸ்கரி எல்லாம் அடக்கம். தன் தாய்மொழி "இந்தி" என்றே பதிந்தவர்கள் 32 கோடிச் சொச்சம். துளசிதாசரின் ராமாயணம் அவதி மொழியில்தான் இருக்கிறது, பாடப்புத்தகத்து இந்தியை வைத்து அதை வாசிக்க இயலாது.

எழுவான்:
சிங்களம் தெரிஞ்ச அம்பாறை ஆக்களுக்கு ஒண்டு. சிங்களமும் இந்தியும் ஒரே குடும்பம்: காது "கண", "கான்"; கை "அத", "ஹாத்"; ஊர் "கம", "காவ்"; எட்டு "அட", "ஆட்". மூச்சொலியில மட்டும் உதவி இல்ல, சிங்களத்தில எழுத்து இருந்தாலும் வாயில அது போயிட்டு.

தமிழ் மட்டும் தெரிஞ்சாலும் பயப்படாதீங்க, வசன எலும்புக்கூடு நம்மடதுதான். வினை கடைசியில, உருபு பின்னால. எனக்குத் தெரியும் "முஜே மாலூம் ஹை", சாப்பிட்டுட்டுப் போ "கா²கர் ஜாஓ", விழுந்திட்டான் "கி³ர் க³யா". சொல்லில ஏமாறாதீங்க: "கல்யாண்" எண்டா நலன், கலியாணம் இல்ல. "சேஷ்டா" முயற்சி, சேட்டை இல்ல. "சன்சார்" உலகம், பெண்டாட்டி இல்ல. "கல்" எண்டா நேத்தும் நாளைக்கும் ஒண்டுதான், வினையைப் பாத்துத்தான் பிடிக்கணும். எண்கள் 1 முதல் 100 வரை மனனம்தான், வேற வழி இல்ல. 29 "உன்தீஸ்", 39 "உன்தாலீஸ்" எண்டு ஒண்டு குறைச்சுப் போகும், 89இல அந்த விதி உடைஞ்சு "நவாஸீ" வரும். மூத்தவங்களோட "ஆப்" (நீங்க) எண்டே கதைங்க, "தூ" (நீ) வாயில வரப்படாது.

சோதனைக்கு எடுக்கிறதெண்டா உயர்தரத்தில இந்தி ஒரு பாடமா இருக்கு, களனியில பட்டத்துக்கும் படிக்கலாம். கொழும்பில இந்திய உயர்ஸ்தானிகராலயத்தோட சேர்ந்த சுவாமி விவேகானந்தர் கலாசார நிலையத்திலயும் வகுப்பு நடக்கும்.

வாவிக்கரை, மட்டக்களப்பு:
எல்லாருக்கும் நன்றி. ஒரு வசனம் எழுதிப் பாத்தன், திருத்துங்க: "மைனே சாய் பியா, அவுர் கிதாப் லாயா."

படுவான்கரை:
சாய் பெண்பால், அதால "மைனே சாய் பீ". இரண்டாவது வசனத்தில மறந்திட்டீங்க, லானா-வுக்கு "னே" வராது. "மை கிதாப் லாயா" எண்டு தனியா எழுதுங்க. கிதாபும் பெண்பால்தான், ஆனா "னே" இல்லாததால வினை உங்களைத்தான் பாக்கும். பொம்பிளப் பிள்ளையெண்டா "லாயீ".