தகவல் மைய மானியம் நிற்கப் போகிறது: மன்றத்திடம் எதைச் சொல்லிக் கேட்பது?

கேள்வி:

வணக்கம். உள்ளாட்சி மன்றத்துக்குச் சொந்தமான கட்டடம் ஒன்றில் எங்கள் தன்னார்வக் குழு சில ஆண்டுகளாகச் சுற்றுலாத் தகவல் மையம் நடத்தி வருகிறது. வாடகை கிடையாது, ஓர் ஊழியரின் சம்பளத்துக்குப் போதுமான மானியமும் ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்தது. 'எல்லாரும் கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்கிறார்கள், இனி மையம் தன் வருமானத்தில் நடக்கட்டும்' என்று இந்த ஆண்டு மன்றத்தில் பேச்சு எழுந்திருக்கிறது. உள்ளே வருவோர் தொகை முன்பைவிடக் குறைந்திருப்பதும் உண்மைதான். எதை முன்வைத்தால் எங்கள் கோரிக்கை எடுபடும்?

மறுமொழி 1:

உள்ளாட்சிக் கணக்குப் பிரிவில் பணியாற்றியவன் என்ற முறையில் எழுதுகிறேன். குப்பை அள்ளுவதும் தெருவிளக்கு எரிவதும் நின்றால் மன்றம் பதில் சொல்லியாக வேண்டும். தகவல் மையம் மூடப்பட்டால் அப்படி யாரும் கேட்பதில்லை. இங்கிலாந்தில்கூடச் சுற்றுலாப் பணி உள்ளாட்சிகளின் சட்டக் கடமையன்று. ஆகவே நிதி நெருக்கடியில் முதலில் கத்தி விழுவது இங்கேதான். ஆண்டுதோறும் விண்ணப்பத்தோடு நிற்பதைவிட, திறந்திருக்கும் நாள்களையும் நேரத்தையும் குறிப்பிட்டு மூன்றாண்டு ஒப்பந்தமாகக் கேளுங்கள். வாடகையில்லா இடம், மின்கட்டணம், பராமரிப்பு ஆகியவற்றின் மதிப்பையும் அதில் எழுதிவிடுங்கள். இல்லையேல் ஒரு கையால் மானியம் கொடுத்து மறு கையால் வாடகை வாங்கிக்கொள்வார்கள்.

கைப்பேசி வாதத்தை மட்டும் இலேசாக எண்ண வேண்டாம். ஸ்காட்லாந்தின் தேசியச் சுற்றுலா அமைப்பு தன் 65 தகவல் மையங்களில் 39-ஐ மூடப்போவதாக 2017-இல் அறிவித்தது. 2024-இல் எஞ்சியிருந்த 25 மையங்களையும் 2026 மார்ச்சுக்குள் மூடுவதாக அந்த ஆண்டில் முடிவு செய்தது. பயணிகள் புறப்படும் முன்பே இணையத்தில் திட்டமிட்டுவிடுகிறார்கள் என்பதே அங்கே சொல்லப்பட்ட காரணம். உங்கள் மன்றத்திலும் யாராவது அதைப் படித்திருப்பார்கள்.

மறுமொழி 2:

மேலே உள்ள எச்சரிக்கை சரியே. ஆனால் புறப்படும் முன் தேடுவது வேறு, வந்து இறங்கிய பின் திகைத்து நிற்பது வேறு. எங்கள் தகவல் மையத்தில் நாங்கள் தலைகளை எண்ணுவதை நிறுத்திவிட்டு, மேசையில் ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தை வைத்துக் கேள்விகளைக் குறிக்கத் தொடங்கினோம். 'மழையால் படகு ஓடவில்லையாம், இரண்டு குழந்தைகளோடு வந்திருக்கிறோம், மாலை வரை எங்கே போவது?' என்பது அதில் ஒன்று; அந்த நேரத்தில் இணைய வரைபடம் படகுத்துறை திறந்திருப்பதாகவே காட்டிக்கொண்டிருந்தது. மன்றக் கூட்டத்தில் எண்களைக் காட்டியபோது கொட்டாவி விட்டவர்கள் அந்த நோட்டை வாங்கிப் புரட்டினார்கள்.

'தன் வருமானத்தில் நடக்கட்டும்' என்பதற்கும் பதில் உண்டு. நாம் சொல்லும் தகவலை வைத்துப் பயணி செலவிடுவது விடுதியிலும் உணவகத்திலும் கடையிலும்தான். நம் மேசையில் அவர் விட்டுச் செல்வது பெரும்பாலும் நன்றி மட்டுமே. நினைவுப்பொருள் விற்பனை ஓரளவு கைகொடுக்கும். விடுதிப் பதிவுக்குக் கமிஷன் வாங்குவதில்தான் வழுக்கல் இருக்கிறது. ஒரு பருவத்தில் நாங்களும் வாங்கினோம். கமிஷன் தராத, ஆனால் குடும்பத்தோடு தங்க ஏற்ற ஒரு சிறு விடுதியின் பெயர் எங்கள் வாயில் வருவதே நின்றுபோனது. யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. நடுநிலை கெட்டால், பொதுப் பணம் கேட்கும் தகுதியும் போய்விடும்.

மறுமொழி 3:

மானியத்துக்குப் பணம் எங்கிருந்து வரும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் கோரிக்கைக்கு வலு கூடும். பிரான்சில் வெளியூர்ப் பயணிகளிடம் இரவுக் கணக்கில் வசூலிக்கப்படும் தங்கல் வரி 1910-இலிருந்தே இருக்கிறது. அதைச் சுற்றுலா வளர்ச்சிச் செலவுகளுக்கே பயன்படுத்த வேண்டும் என்பது விதி. உங்கள் மன்றத்துக்கு அத்தகைய அதிகாரம் உண்டா என்று பாருங்கள். விடுதி உரிமையாளர்கள் முதலில் முகம் சுளிப்பார்கள்; மையத்தின் நிர்வாகக் குழுவில் அவர்களுக்கும் இடம் கொடுத்துவிடுவது நல்லது.

கேள்வி கேட்டவர்:

மிக்க நன்றி. எங்களிடம் வாசலில் ஆள் எண்ணும் கருவி மட்டுமே இருக்கிறது. நாளை முதல் நோட்டு வைக்கிறோம். மையத்தை நூலகத்தின் ஒரு மூலைக்கு மாற்றிவிடலாம் என்று மன்றம் சொன்னால் ஏற்கலாமா?

மறுமொழி 1 எழுதியவர்:

ஏற்கலாம், செலவு குறையும். ஆனால் நூலகர் புத்தகம் வழங்கிக்கொண்டிருக்கும்போது பயணிக்கு யார் பதில் சொல்வது, நூலக விடுமுறை நாளில் கதவு திறக்குமா என்ற இரண்டையும் கையெழுத்திடும் முன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பயணிகள் அதிகம் வருவது அந்த விடுமுறை நாளில்தான்.