கன்ட்ரோல் + புள்ளி வேலை செய்யவில்லை, எந்த எக்ஸ்டென்ஷன் பிடித்து வைத்திருக்கிறது?

அரைத்தூக்கம்:
விஎஸ் கோட் எடிட்டரில் நிரல் எழுதும்போது கன்ட்ரோல் + புள்ளி அழுத்தினால், பிழைக்குத் திருத்தம் காட்டும் குவிக் ஃபிக்ஸ் மெனு வர வேண்டும் இல்லையா? இரண்டு நாளாக வரவில்லை. மற்ற ஷார்ட்கட் எல்லாம் சரியாகத்தான் இருக்கின்றன. ஏதோ ஒரு எக்ஸ்டென்ஷன் இந்த விசையைப் பிடுங்கிக்கொண்டது போலிருக்கிறது. எங்கே போய் மாற்றுவது? நாளைக் காலை டெமோ இருக்கிறது, சீக்கிரம் யாராவது சொல்லுங்கள்.

முகிலி:
விண்டோஸா, மேக்கா, லினக்ஸா? இரண்டு நாளுக்கு முன் புதிதாக எதையாவது நிறுவினீர்களா? வரிப் பக்கத்தில் தெரியும் மஞ்சள் பல்பைக் கிளிக் செய்தால் அதே மெனு வருகிறதா?

எஸ்கேப்ராஜா:
விம் எடிட்டரின் விசைகளை விஎஸ் கோடுக்குக் கொண்டுவரும் விம் எக்ஸ்டென்ஷன்தான், சந்தேகமே வேண்டாம். கன்ட்ரோல் + டி, கன்ட்ரோல் + எஃப் எல்லாவற்றையும் அது தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். செட்டிங்ஸில் 'யூஸ் கன்ட்ரோல் கீஸ்' என்பதை அணைத்துப் பாருங்கள்.

அரைத்தூக்கம்:
விம் போடவே இல்லை. பல்பைக் கிளிக் செய்தால் மெனு வருகிறது. விசைதான் பிரச்சினை.

பழையவிசை:
இதே கேள்வியை மாதம் ஒருவராவது கேட்கிறீர்கள். தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கும் பழக்கமே போய்விட்டது. கன்ட்ரோல் + கே, அப்புறம் கன்ட்ரோல் + எஸ் அழுத்தினால் ஷார்ட்கட் பட்டியல் திறக்கும். குவிக் ஃபிக்ஸ் வரியில் வலது கிளிக் செய்து 'ஷோ சேம் கீபைண்டிங்ஸ்' கொடுங்கள். ஒரே விசைக்கு எத்தனை கட்டளை இருக்கிறது என்று தெரிந்துவிடும். விதிகளை விஎஸ் கோட் கீழிருந்து மேலாகப் படிக்கும். விசையும் 'வென்' நிபந்தனையும் (விதி எப்போது செல்லும் என்பது) முதலில் எந்த விதியில் சேர்ந்து பொருந்துகிறதோ அதுதான் ஓடும். வேண்டாத விதி இருந்தால் கீபைண்டிங்ஸ் ஜேசன் கோப்பில் கட்டளைப் பெயருக்கு முன் ஒரு கழித்தல் குறி போட்டால் நீங்கிவிடும். இவ்வளவும் ஆவணத்திலேயே இருக்கிறது.

அரைத்தூக்கம்:
பார்த்துவிட்டேன். மூன்று நான்கு வரி வருகிறது, ஆனால் எல்லாமே விஎஸ் கோடுடன் வந்தவை. நானோ எந்த எக்ஸ்டென்ஷனோ சேர்த்தது ஒன்றுகூட இல்லை.

நூல்கண்டு:
'ஸ்டார்ட் எக்ஸ்டென்ஷன் பைசெக்ட்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. பாதி எக்ஸ்டென்ஷன்களை முடக்கிவிட்டு "இப்போதும் கோளாறு இருக்கிறதா?" என்று கேட்கும், அப்படியே பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டு போகும். முப்பது இருந்தாலும் ஐந்தாறு சுற்றில் ஆளைப் பிடித்துவிடலாம்.

எஸ்கேப்ராஜா:
இதற்குத்தான் விம் பக்கம் வாருங்கள் என்கிறேன். தட்டச்சுக்கு ஒரு முறைமை, கட்டளைக்கு ஒரு முறைமை என்று மாறும் எடிட்டரில் ஒரு விசைக்கு நாலு பேர் சண்டை போட மாட்டார்கள்.

பழையவிசை:
அப்படியா? விண்டோஸில் விம் கன்ட்ரோல் + வி அழுத்தினால் என்ன ஆகும்? செவ்வகத் தேர்வா, பேஸ்டா? அதைத் தீர்க்க முடியாமல்தானே கன்ட்ரோல் + க்யூ என்று ஒரு மாற்று வைத்தார்கள்?

எஸ்கேப்ராஜா:
அது விண்டோஸ் பழக்கத்துக்கான தனி மேப்பிங் ஏற்றினால்தான். ஈமாக்ஸ் எடிட்டர்காரர் இதைப் பேசலாமா? உங்களுக்கு கன்ட்ரோல் + எக்ஸ், கன்ட்ரோல் + சி இரண்டுமே முன்னொட்டு விசை, அடுத்த விசைக்காகக் காத்திருக்கும். கட், காப்பி வேண்டுமென்றால் அதற்கென்று ஒரு மோடு போட வேண்டும்.

பழையவிசை:
ஈமாக்ஸ் வந்தது 1976இல். கட், காப்பிக்கு இந்த விசைகள் பரவியது 1980களில். யார் யாருடைய விசையை எடுத்துக்கொண்டார்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

முகிலி:
இரண்டு பேரும் இதற்குத் தனி இழை தொடங்கலாமே? கேட்டவருக்கு நாளை டெமோ.

அரைத்தூக்கம், நான் கேட்டதில் பாதிக்கு நீங்கள் பதில் சொல்லவில்லை. கட்டளைகளைத் தேடும் கமாண்ட் பேலட்டில் 'டாகிள் கீபோர்டு ஷார்ட்கட்ஸ் ட்ரபிள்ஷூட்டிங்' என்று தேடி இயக்குங்கள். கீழே அவுட்புட் பகுதியில் ஒவ்வொரு விசைக்கும் பதிவு ஓடும். இப்போது கன்ட்ரோல் + புள்ளி அழுத்தினால் எந்தக் கட்டளை பொருந்தியது என்று காட்டுகிறது? அந்த நேரத்தில் எடிட்டரில் ஏதாவது மாறுகிறதா, இல்லை ஒன்றுமே நடக்கவில்லையா?

அரைத்தூக்கம்:
பைசெக்ட் செய்தேன், எல்லாவற்றையும் முடக்கியும் வரவில்லை. பதிவில் கன்ட்ரோல் மட்டும் தெரிகிறது, அதற்குப் பிறகு எந்தக் கட்டளையும் பொருந்தவில்லை.

எடிட்டரில் கர்சர் இருக்கும் இடத்தில் அடிக்கோட்டுடன் ஒரு சின்ன ஆங்கில 'ஈ' வரும். கை தவறி நான்தான் தட்டிவிட்டேன் என்று நினைத்து இரண்டு நாளாக அழித்துக்கொண்டிருக்கிறேன். அது முக்கியமா?

முகிலி:
அதுதான் முக்கியமே! லினக்ஸ்தானே? தமிழ்த் தட்டச்சுக்கு ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் போட்டிருக்கிறீர்களா?

அரைத்தூக்கம்:
ஆமாம், உபுண்டு. சொல்லவில்லையா? தமிழ்99 விசைப்பலகைக்காகப் போன வாரக் கடைசியில்தான் ஐபஸ் அமைத்தேன். ஆனால் நிரல் எழுதும்போது ஆங்கிலத்தில்தான் வைத்திருப்பேன்.

முகிலி:
ஆங்கிலத்தில் இருந்தாலும் ஐபஸ் பின்னால் ஓடிக்கொண்டுதான் இருக்கும். எமோஜி தேடுவதற்கு அது எடுத்துக்கொண்ட விசைகள் கன்ட்ரோல் + புள்ளியும் கன்ட்ரோல் + அரைப்புள்ளியும். அந்த அடிக்கோட்டு 'ஈ' எமோஜியின் முதல் எழுத்து, அடுத்து நீங்கள் பெயரைத் தட்டுவீர்கள் என்று காத்திருக்கிறது. விசை எடிட்டர் வரைக்கும் வந்து சேரவே இல்லை, அப்புறம் எக்ஸ்டென்ஷனை எத்தனை முடக்கினால் என்ன?

டெர்மினலில் ஐபஸ்-செட்டப் கொடுங்கள் (ஆங்கிலத்தில், நடுவில் சிறுகோட்டுடன்). எமோஜி தாவலில் 'எமோஜி அனோட்டேஷன்' பக்கத்தில் மூன்று புள்ளிப் பொத்தான் இருக்கும். அதில் கன்ட்ரோல் + புள்ளியை நீக்குங்கள். முன்பு இதே வேலைக்கு கன்ட்ரோல் + ஷிஃப்ட் + ஈ வைத்திருந்தார்கள். அப்போது அதே விசையில் கோப்புப் பட்டியல் காட்டும் எக்ஸ்ப்ளோரர் திறக்காமல் நான் ஒரு மாலை முழுக்க விஎஸ் கோடைத் திட்டியிருக்கிறேன்.

பழையவிசை:
லினக்ஸ் என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தால் நான் சொல்லியிருப்பேன்.

நூல்கண்டு:
நான் கன்ட்ரோல் + அரைப்புள்ளியையும் எடுத்துவிட்டேன். எமோஜியே தேவைப்படாதவர்கள் இரண்டையும் எடுத்துவிடலாம்.

அரைத்தூக்கம்:
வந்துவிட்டது!! நன்றி முகிலி.

முகிலி:
அந்த ட்ரபிள்ஷூட்டிங்கை அணைத்துவிட்டீர்களா? அதே கட்டளையை இன்னொரு முறை கொடுத்தால் போதும். இல்லையென்றால் நாளை டெமோவில் நீங்கள் தட்டும் ஒவ்வொரு விசையும் அவுட்புட்டில் ஓடும்.

எஸ்கேப்ராஜா:
ஈமாக்ஸ் 1976 என்றீர்களே, விம்மின் மூதாதையான விஐயும் அதே வருடம்தான்.