மறு: ‘டெட் மணி’யைத் தமிழில் எப்படிச் சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

கரோலினா பாந்தர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணி பற்றிய கட்டுரைக்காக, ‘டெட் மணி’க்கு, அதாவது அணியை விட்டுப் போன வீரர் பெயரில் சம்பளக் கணக்கில் நிற்கும் தொகைக்கு, ஒரு தமிழ்ச் சொல் கேட்டிருந்தேன். ஒரே நாளில் ஐந்து வந்துவிட்டன: இறந்த பணம், நிலுவை, தண்டச் சம்பளம், வாராக்கடன், எச்சப்பற்று. நான் கைவசம் வைத்திருந்த ‘முன்பண எச்சம்’ ஆறாவது. ஆறையும் வரைவுக்குள் போட்டுப் பார்த்தேன். பட்டியலில் அழகாக நிற்கிற சொல் வாக்கியத்துக்குள் போனதும் தடுமாறுகிறது. அமெரிக்கக் கால்பந்து பார்க்காதவர்களும் இந்த இழையில் இருப்பதால், சொல்லுக்கு வருமுன் கட்டுரையின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

2023 பருவத்தில் பாந்தர்ஸ் 17 ஆட்டங்களில் இரண்டில்தான் வென்றது. அமெரிக்கக் கால்பந்தின் பெரிய லீகான என்எஃப்எல்லிலேயே கடைசி இடம். கடைசி இரண்டு ஆட்டங்களில் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. இப்படித் தோற்கும் அணிக்கு ஓர் ஆறுதல் உண்டு, புதிய வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் அடுத்த டிராஃப்டில் முதல் ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. இவர்களுக்கு அதுவும் இல்லை. பிரைஸ் யங் என்ற குவார்ட்டர்பேக்கை (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துகிறவர்) எடுப்பதற்காக அடுத்த ஆண்டின் முதல் சுற்று உரிமையையும் சேர்த்து 2023 மார்ச்சிலேயே சிகாகோ பேர்ஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். சிகாகோ அதை வைத்து கேலப் வில்லியம்ஸை எடுத்துக்கொண்டது.

அந்த யங் தன் முதல் பருவத்தில் 62 முறை பந்தோடு தரையில் சாய்க்கப்பட்டார். அவர் உயரம் ஐந்தடி பத்து அங்குலம். அந்த இடத்தில் ஆடுகிறவருக்கு இது குறைவு. எதிரணி நடுவில் தள்ளிக்கொண்டு வந்தால், முன்னால் நிற்கும் மலைபோன்ற முதுகுகளைத் தாண்டி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே 2024 மார்ச்சில் புதிய பொது மேலாளர் டான் மார்கன் முதலில் கைவைத்தது அந்த நடுப்பகுதியில். மயாமியிலிருந்து ராபர்ட் ஹண்ட், ஐந்து ஆண்டுக்கு 100 மில்லியன் டாலர். சியாட்டிலிலிருந்து டேமியன் லூயிஸ், நான்கு ஆண்டுக்கு 53 மில்லியன். இருவரும் கார்டுகள், குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் நின்று எதிரணியைத் தடுப்பவர்கள், பந்தைத் தொடாமலே ஆட்டத்தை முடிக்கிறவர்கள். அதே மாதத்தில் எதிரணிக் குவார்ட்டர்பேக்குகளைத் துரத்திப் பிடிப்பதில் அணியின் சிறந்த ஆளான பிரையன் பர்ன்ஸை நியூயார்க் ஜயன்ட்ஸுக்குக் கைமாற்றினார்கள்.

என்னைக் கேட்டால் முன்னுரிமை சரிதான். ஆனால் கையில் இருந்த துணி ஒரு பக்கம் மூடத்தான் போதுமாக இருந்தது. 2024-ல் பாந்தர்ஸ் எதிரணிகளுக்கு 534 புள்ளிகள் விட்டுக்கொடுத்தது. என்எஃப்எல் வரலாற்றில் ஒரே பருவத்தில் எந்த அணியும் அவ்வளவு விட்டதில்லை. தடுப்பாட்டத்தின் தூணான டெரிக் பிரவுன் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் காயத்தோடு வெளியேறியதும் ஒரு காரணம். பருவத்தின் முடிவில் ஐந்து வெற்றி, பன்னிரண்டு தோல்வி.

இரண்டு பக்கமும் ஆள் வாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சம்பள உச்சவரம்பு விடாது. (நில உச்சவரம்பு என்று ஏற்கெனவே புழங்குவதால் இந்தச் சொல்லில் யாருக்கும் சண்டை இல்லை என்று நினைக்கிறேன்.) 2024-ல் ஒவ்வோர் அணிக்கும் 255.4 மில்லியன் டாலர். முதலாளி எவ்வளவு பெரிய பணக்காரராக இருந்தாலும் அணியின் கணக்கு அதற்குள் அடங்க வேண்டும். அந்தக் கணக்கில், இப்போது அணியிலேயே இல்லாதவர்கள் பெயரிலும் ஒரு தொகை நிற்கும். அந்தத் தொகைக்குத்தான் சொல் தேடுகிறோம்.

அது எப்படி வருகிறது என்றால், ஒருவருக்கு நான்கு ஆண்டு ஒப்பந்தம், கையெழுத்துப் போட்டதும் 20 மில்லியன் முன்பணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பணம் அவர் கைக்குப் போய்விட்டது. உச்சவரம்புக் கணக்கில் மட்டும் ஆண்டுக்கு 5 மில்லியனாகப் பிரித்து எழுதுவார்கள். ஓராண்டு முடிந்ததும் அவரை விடுவித்தால் எழுதாமல் மிச்சமிருக்கும் 15 மில்லியனும் மொத்தமாக அந்த ஆண்டுக் கணக்கில் வந்து விழும். ஜூன் 1-க்குப் பிறகு விடுவித்தால் இந்த ஆண்டு 5, அடுத்த ஆண்டு 10 என்று பிரித்துக்கொள்ளலாம். ஐபிஎல்லில் ஒருவரை விடுவித்தால் அவருடைய தொகை ஏலப் பணப்பைக்குத் திரும்பிவிடுகிறது. அதைப் பார்த்துப் பழகிய நம் வாசகருக்கு இந்த இடம்தான் குழப்பம், எனவே சொல் சரியாக அமைய வேண்டியதும் இங்கேதான்.

இனி உங்கள் மடல்களுக்கு.

> ‘இறந்த பணம்’ என்றால் நேரடியாகப் புரியுமே?

ஆங்கிலம் தெரிந்தவருக்குப் புரியும், அண்ணா. தெரியாதவர் யாரோ இறந்த பிறகு குடும்பத்துக்குக் கொடுக்கும் தொகை என்றுதான் படிப்பார். கைமாற்றப்பட்ட வீரர் வேறு ஊரில் ஓடியாடிக்கொண்டிருப்பார், நாம் இங்கே இறப்பைப் பேசிக்கொண்டிருப்போம்.

> ‘தண்டச் சம்பளம்’ சுருக்கென்று இருக்கிறது.

இருக்கிறது, படித்ததும் சிரித்தேன். வர்ணனையில் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் அந்தச் சொல்லுக்குள்ளேயே தீர்ப்பு உட்கார்ந்திருக்கிறது. மூன்று ஆண்டு நன்றாக ஆடிவிட்டுப் போனவர் பெயரிலும் இந்தத் தொகை நிற்கும், அவர் வாங்கியது தண்டம் இல்லை. ‘வாராக்கடன்’ அதைவிடத் தப்பு. இங்கே யாரும் கடன் கொடுக்கவில்லை, யாரும் திருப்பித் தரப்போவதும் இல்லை. ‘நிலுவை’ என்றால் இனிமேல் கொடுக்க வேண்டியது என்று பொருள் வருகிறது, முன்பணமோ எப்போதோ கொடுத்தாகிவிட்டது.

இந்தக் காரணத்தால்தான் ‘முன்பண எச்சம்’ என்று பிடிவாதமாக இருந்தேன். டென்வரில் இருக்கும் நம் தங்கை நேற்றிரவு ஒரே பத்தியில் அதைக் கவிழ்த்துவிட்டார்:

> அண்ணா, ரஸல் வில்சனை மறந்துவிட்டீர்களா?

மறந்துதான் போனேன். 2024 மார்ச்சில் டென்வர் பிராங்கோஸ் அணி தன் குவார்ட்டர்பேக் வில்சனை விடுவித்தபோது கணக்கில் நின்ற தொகை சுமார் 85 மில்லியன் டாலர். அதை 2024-க்கு 53, 2025-க்கு 32 என்று பிரித்தார்கள். அதாவது முதல் ஆண்டு உச்சவரம்பில் ஐந்தில் ஒரு பங்கு, அணியில் இல்லாத ஒருவருக்கு. நான் பார்க்கத் தவறியது, அந்த 85-ல் 39 மில்லியன் முன்பணமே இல்லை என்பதை. அது 2024-க்கு உறுதியளித்த சம்பளம், இனிமேல்தான் கொடுக்க வேண்டியது. அவரைப் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் வெறும் 1.21 மில்லியனுக்கு எடுத்துக்கொண்டது, மீதியை டென்வர் கட்டியது. ஆக, கொடுத்து முடித்ததும் இதில் உண்டு, கொடுக்க வேண்டியதும் உண்டு. ‘நிலுவை’ ஒரு பாதியைச் சொல்கிறது, என் ‘முன்பண எச்சம்’ மறுபாதியைச் சொல்கிறது. இரண்டும் போச்சு.

இரண்டுக்கும் பொதுவாக எஞ்சுவது இவ்வளவுதான்: ஆள் இல்லை, பற்று இருக்கிறது. ஆகவே என் புதிய பரிந்துரை: ஆளில்லாப் பற்று.

இதற்குப் பின்னால் ஒரு நோட்டு இருக்கிறது. என் மாமா பள்ளிபாளையத்தில் எட்டுத் தறி வைத்திருந்தார். முன்பணம் வாங்கியவர் வேறு தறிக்குப் போய்விட்டால் பற்று வரவு நோட்டில் அவர் பெயரைச் சிவப்பு மையால் அடிப்பார், பக்கத்தைக் கிழிக்க மாட்டார். அடித்த பெயருக்கு நேரே, பற்றுப் பத்தியில், தொகை அப்படியே நிற்கும். வில்சன் பெயரைப் படித்ததும் அந்தச் சிவப்புக் கோடுதான் கண்ணில் வந்தது. ஒரு வித்தியாசம், தறியில் புது முதலாளி பழைய பாக்கியைக் கட்டி ஆளைக் கூட்டிக்கொண்டு போவார். என்எஃப்எல்லில் ஆள் புது அணிக்குப் போவார், கொடுத்த முன்பணத்தின் கணக்கு பழைய அணியின் தலையிலேயே கிடக்கும்.

> எச்சப்பற்று ஒரே சொல். சுருக்கம். இலக்கணத்தில் ‘எச்சம்’ என்றாலே முடிவு தேடி நிற்பது. இதைவிடப் பொருத்தம் ஏது?

ஐயா, உங்கள் சொல்தான் எனக்குக் கடைசிவரை போட்டி. சுருக்கத்தில் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். ஆனால் பிராங்கோஸ் வாக்கியத்தை இரண்டிலும் எழுதிப் பாருங்கள். “பிராங்கோஸுக்கு அந்த ஆண்டு 53 மில்லியன் எச்சப்பற்று இருந்தது.” எதன் எச்சம் என்று வாசகர் கேட்பார். “பிராங்கோஸுக்கு அந்த ஆண்டு 53 மில்லியன் ஆளில்லாப் பற்று இருந்தது.” யார் ஆள் என்று கேட்பார், அடுத்த வாக்கியத்தில் வில்சன் வந்துவிடுவார். அப்புறம், காக்கை விஷயம் வேறு இருக்கிறது, எச்சம் என்றதும் பாதிப் பேர் தலையைத் தொட்டுப் பார்ப்பார்கள்.

‘ஆளில்லா’ என்றால் டிரோன் நினைவு வருகிறது என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். வரட்டும். ஆளில்லா விமானம், ஆளில்லா ரயில்வே கேட் என்று நாளிதழ் படிக்கிற எல்லோர் வாயிலும் இருக்கிற சொல் அது, புதிதாகப் பழக்க வேண்டியதில்லை. வலிமிகுதல் பற்றியும் கேட்டிருந்தார்: ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், ப் கட்டாயம்.

வெள்ளிக்கிழமைக்குள் யாரும் மறுக்காவிட்டால் இப்படியே போட்டுக் கட்டுரையை அனுப்பிவிடுகிறேன். டிராஃப்ட், கார்டு, குவார்ட்டர்பேக் மூன்றையும் தமிழாக்கப் போவதில்லை, கிரிக்கெட்டில் விக்கெட்டை நாம் என்ன செய்தோமோ அதுதான்.

ஆனால் குவார்ட்டர்பேக்கைச் சாய்ப்பதற்கு, ஆங்கிலத்தில் ‘சாக்’ என்பதற்கு, ஒரு பெயர்ச்சொல் கட்டாயம் வேண்டும். முதல் வரைவில் “யங் மீது 62 சாக்” என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த அத்தை, “பாவம், நெல்லா வெங்காயமா?” என்று கேட்டார்.